எச்சரிக்கையும் எளிய தமிழும்

தமிழ் பயிலும் மாணவர்கள் புயற்காப்புப் பணியில் என்ன செய்துவிட முடியும் என்று என்னிடம் வினவியோர் பலர். மருத்துவம் பயில்பவர் காயத்துக்குக் கட்டுப் போடுவார். பொறியியல் பயில்பவர் உடைந்த பாலத்தைச் சீர்செய்ய வழி கூறுவார். இலக்கணமும் இலக்கியமும் பயில்பவர் வெள்ளம் சூழ்ந்த ஊரில் யாது செய்வார்? கேள்வி நியாயமானதே. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகச் சில ஆண்டுகள் பணியாற்றி, மாணவ மாணவியரோடு நாகைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தங்கிய பட்டறிவால் அக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். இத்திட்டத்தில் சேரும் மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்க வேண்டும். இந்த ஏழு நாள்களை நாம் பெரும்பாலும் எவ்வாறு கழிக்கின்றோம்? மரக்கன்று நடுகின்றோம், கோயில் குளத்தைத் தூர்வாருகின்றோம், மாலையில் கலைநிகழ்ச்சி நடத்தி, நிறைவு நாளில் நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். இவையெல்லாம் நற்செயல்களே. ஆயினும் மாணவர் தம் வகுப்பில் கற்றது ஊருக்குப் பயன்பட்டதா, ஊரில் கற்றது வகுப்புக்குத் திரும்பி வந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்விரண்டும் நிகழும்போதுதான் தொண்டு கல்வியாகின்றது.

எங்கள் முகாமுக்குக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இக்கரையின் வரலாறே புயலின் வரலாறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 1977 நவம்பரில் நாகையைப் புயல் தாக்கியது. அதே திங்களில், ஒரு வாரத்துக்குள், ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் பொங்கி ஏறத்தாழ 10,000 பேரைக் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26 விளைத்த துயரத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர்.

அன்றைய நாளைப் பற்றி எண்ணும்போது என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.30 மணிக்குச் சற்று முன்னர். நம் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம் என்பது கைக்குழந்தையை இடுப்பிலும் முதியவரைத் தோளிலும் சுமந்துகொண்டு மேட்டு நிலத்துக்கு நடந்துவிடப் போதுமான காலம். காலம் இருந்தது, கால் இருந்தது, சொல் மட்டும் வந்து சேரவில்லை. கடல்கோள் என்னும் சொல்லை இறையனார் களவியல் உரை வாயிலாக நாம் அறிவோம். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை வாயிலாக அறிவோம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் பெற்றோம். நம் வகுப்பறையில் வாழ்ந்த சொல் கடற்கரையில் வாழவில்லை. அழிவு நேர்ந்த பின்னரே ‘சுனாமி’ என்னும் அயற்சொல்லை நம் மீனவ மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

அதே நாளில் சொல் வந்து சேர்ந்த ஊரும் உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையம் ஒன்றை நடத்திவந்தது. கடலின் அலை உயரம், காற்றின் போக்கு ஆகியவற்றை நாள்தோறும் அம்மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்கு அறிவித்துவந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அந்த ஒலிபெருக்கி வழியாகவே அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்ச்சேதம் இல்லை. அலைபேசிச் செயலியோ, விண்கோளோ அன்று அவர்களைக் காக்கவில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செய்தியைச் சொன்னது. காதில் விழுந்தவுடன் கால் எழுந்தது.

2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கிவருகின்றது. புயலுக்கோ பல நாள்களுக்கு முன்னரே வானிலைத் துறை அறிக்கை விடுகின்றது. ஆகவே இன்று குறைபாடு அறிவியலில் இருப்பதாக நான் கருதவில்லை. அறிக்கை புறப்படும் இடத்துக்கும் அது சென்று சேரும் குடிசைக்கும் இடையே உள்ள கடைசி ஒரு மைல் தொலைவில்தான் குறைபாடு உள்ளது. அந்த ஒரு மைல், மொழியால் ஆன தொலைவு. இதை எனக்குக் கற்பித்தவர்கள் மாணவர்களும் அச்சிற்றூர் மக்களுமே.

2018 ஜனவரியில் நாங்கள் அவ்வூரில் முகாமிட்டோம். அதற்கு இரு திங்களுக்குள்தான் ஒக்கிப் புயல் குமரி மாவட்ட மீனவர் பலரைக் கடலிலேயே கொண்டுபோயிருந்தது. அத்துயரமே ஊரில் பேச்சாக இருந்தது. முதல் மூன்று நாள் எவரும் மண்வெட்டியைத் தொடலாகாது. வீடுதோறும் சென்று கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தோம். இருவர் இருவராக மாணவர்கள் தெருக்களில் பிரிந்தனர். மகளிர் இல்லங்களில் தயக்கமின்றிப் பேச மாணவியர் சென்றனர்.

இரண்டாம் நாள், வலை உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் மாணவர் ஒருவரை நிறுத்திக் கேட்டார்: “ஏந் தம்பி, படிச்ச புள்ளைங்கதானே நீங்க? ரேடியோவுல அஞ்சாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு, ஆறாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுங்கறான். அஞ்சுன்னா நாங்க இருக்கணுமா, போகணுமா? அத மட்டும் சொல்லுங்க.”

மாணவருக்கு விடை தெரியவில்லை. மாலையில் கூடியபோது அவ்வினாவை எல்லோர் முன்னும் வைத்தார். ஐந்தைவிட ஆறு கொடியது, ஆறைவிட ஏழு கொடியது என்றே பலரும் எண்ணியிருந்தனர். உண்மை அதுவன்று. துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களையும், இரவில் செந்நிற, வெண்ணிற விளக்குகளையும் ஏற்றும் அந்த அடையாளங்கள் கப்பல்களுக்கு உரியவை. 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள புயலைக் குறிப்பன. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரலாம் என்பன. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பன. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5. வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. இதே வரிசையில் 8, 9, 10 ஆகியவை பேராபத்தைக் குறிப்பன. 11 என்பது தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதன் அடையாளம். மாலுமிக்கு எழுதிய கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கரையில் உள்ள மூதாட்டி பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கின்றார்! பொருள் விளங்காததில் வியப்பென்ன?

அன்றிரவு மாணவர்கள் பழைய வானிலை அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஊரார் எவ்வெச்சொல்லில் தடுக்கி நிற்கின்றனர் எனப் பட்டியலிட்டனர். இலக்கண வகுப்பில் சொற்பொருளை ஆராயும் கண் அங்கு உயிரோடு வேலைசெய்தது. ‘தாழ்வான பகுதிகளில் வசிப்போர்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தாம் வாழும் தெரு தாழ்வானது என்று அவ்வூரில் எவரும் கருதவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த தெருவையே சுட்டினர். ‘பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்’ என்றால் சிலருக்குக் கோயில். சிலருக்கு மாமியார் வீடு. சிலருக்குப் படகுக்கு அருகில் இருப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ‘கரையைக் கடக்கும்’ என்பதே. கடந்தது என்றால் போய்விட்டது என்றுதான் மக்கள் பொருள்கொள்கின்றனர். ஆனால் புயல் ஒரு புள்ளியன்று. பல மைல் அகன்ற சுழல். அது கடப்பதற்குச் சில மணி நேரம் ஆகும். அதன் நடுவே உள்ள கண் பகுதி நம்மேல் வரும்போது காற்று அடங்கிவிடும், வானமும் வெளுக்கும். ‘கடந்துவிட்டது’ என்று நம்பிக் கூரையைப் பார்க்கவும் படகைக் கட்டவும் வெளியே வருவோரை, சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து கிளம்பும் காற்று வீழ்த்தும். ஒரு வினைச்சொல்லின் பொருள்மயக்கம் உயிரைக் கொள்ளுமா என்றால், கொள்ளும்.

மாணவர்கள் நான்கே தொடர்கள் கொண்ட அறிவிப்பு ஒன்றை அமைத்தனர். என்ன வருகிறது, எப்போது வருகிறது, யார் புறப்பட வேண்டும், எங்கே செல்ல வேண்டும் என்பனவே அந்நான்கும். ‘தாழ்வான பகுதி’ என்னும் சொல் அதில் இல்லை. ‘மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள எல்லா வீடும்’ என்று இருந்தது. ‘பாதுகாப்பான இடம்’ இல்லை. ‘பள்ளிக்கூடத்து மாடி’ இருந்தது. ‘காற்று நின்றாலும் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லும்வரை வெளியே வராதீர்கள்’ என்பதை இறுதியில் சேர்த்தனர். எழுதியதை முதலில் படித்துக் காட்டியது அந்த மூதாட்டியிடந்தான். அவர் ‘புறப்படுங்கள்’ என்பதை மாற்றி, ‘கெளம்புங்க’ என்று சொல்லச் சொன்னார். திருத்தம் ஏற்கப்பட்டது. கேட்பவர் உடனே எழுந்து நடந்தால்தான் அத்தமிழ் நல்ல தமிழ் என்பதை அம்மூதாட்டியைவிட நன்றாக உணர்த்திய ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை.

சொல் அமைந்தது, அதைச் சொல்லும் வாய் எது? ஊரில் கோயிலுக்கு ஒலிபெருக்கி உண்டு. அடுத்த குடியிருப்பில் பள்ளிவாசலுக்கும், சற்றுத் தள்ளித் தேவாலயத்துக்கும் உண்டு. மூன்று இடத்துப் பெரியவர்களும் ஒரு மாலை பள்ளிக்கூடத் திண்ணையில் கூடினர். அறிவிப்பு வந்தால் மூன்று ஒலிபெருக்கிகளிலும் அதே நான்கு தொடர்களைச் சொல் மாறாமல் படிப்பது என்று ஒப்புக்கொண்டனர். ஒன்றுக்கொன்று மாறான செய்திகள் வரும்போது மக்கள் தமக்கு விருப்பமானதையே நம்புவர் என்பதைப் பள்ளிவாசல் மோதினார் ஒரே வரியில் சொன்னார்: “மூணு குரலும் ஒண்ணைச் சொன்னா, அது ஒரே குரல்.” மின்சாரம் நின்றுவிட்டால் மின்கலத்தில் இயங்கும் கைஒலிபெருக்கி இரண்டு, அவற்றை ஏந்தித் தெருவில் நடப்பதற்கு இளைஞர் நால்வர்.

மாணவியர் கொண்டுவந்த செய்தி வேறு வகையானது. புயற்காலத்தில் பெண்கள் பலர் பள்ளிக்கூடத்துக்கு வர மறுத்துவந்தனர். அச்சமின்மையோ அறியாமையோ காரணமன்று. அங்கிருந்த கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவு முழுதும் ஆடவரும் பெண்டிரும் நெருக்கியிருக்கும் இடத்தில் தாழ்ப்பாளில்லாத கழிப்பறையைவிட ஒழுகும் கூரையே மேல் என்று அவர்கள் முடிவுசெய்திருந்தனர். ஆண்கள் எவரும் இதனைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். முகாமின் நான்காம் நாள் தாழ்ப்பாள்கள் இரண்டு வாங்கிப் பொருத்தினோம். அந்த ஏழு நாளில் நாங்கள் செய்த செலவுகளில் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் அதுவே. அத்துடன் இன்னொன்றும் தெரியவந்தது: பள்ளிக்கூட மாடியின் சாவி, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருந்த ஒருவரிடம் மட்டுமே இருந்தது. மாற்றுச் சாவிகள் இரண்டு ஊருக்குள் இரு வீடுகளில் வைக்கப்பட்டன.

முகாமின் கடைசி வேலை ஒரு குறிப்பேடு. தாமாக நடக்க இயலாதோர், கைக்குழந்தை உள்ளோர், நிறைமாதக் கர்ப்பிணியர், நாள்தோறும் மருந்து உட்கொள்வோர், காது கேளாதோர் எனத் தெருவாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்துச் செல்லும் அண்டை வீட்டார் இருவர் பெயர். குடும்ப அட்டை, நிலப்பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்குமாறும் சொல்லப்பட்டது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் ஆறு மட்டக் கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் முறையையும் — தேநீர்க் கரண்டி அளவில் — பெண்களுக்கு மாணவியர் செய்து காட்டினர். குறிப்பேட்டை நாங்கள் கல்லூரிக்குக் கொண்டுவரவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியிடம் ஒப்படைத்தோம். ஆகஸ்டில் எங்கள் மாணவர் அறுவர் மீண்டும் சென்றபோது அக்குழுவினர் ஏற்கெனவே அதில் திருத்தம் செய்திருந்தனர். இருவர் இறந்திருந்தனர், மூன்று குழந்தைகள் பிறந்திருந்தன, ஒரு வீட்டார் திருப்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். ஊர் மாறிக்கொண்டேயிருப்பது, குறிப்பேடும் மாறிக்கொண்டேயிருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. கடும் காற்று வீசியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. அந்த இரவில் எங்கள் மாணவர்களில் ஒருவரும் அச்சிற்றூரில் இல்லை. கல்லூரிக்கு விடுமுறை, சாலைகளில் மரங்கள், அலைபேசிகள் அடங்கிவிட்டன. மூன்று நாள் எங்களுக்கு எச்செய்தியும் இல்லை. அந்த மூன்று நாளும் மாணவர்கள் என்னைக் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

நான்காம் நாள் குழுத் தலைவி பேசினார். முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் பள்ளிக்கூட மாடி நிறைந்துவிட்டதாம். மூன்று ஒலிபெருக்கிகளும் அந்த நான்கு தொடர்களைப் படித்தன. குறிப்பேட்டில் இருந்தவர்களை முதலில் தூக்கிச் சென்றனர். படகை விட்டு வரமாட்டேன் என்று ஒரு பெரியவர் பிடிவாதம் பிடித்திருக்கின்றார். அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருந்த அண்டை வீட்டார் இருவரும் ‘எங்க பேரு எழுதியிருக்கு, நீங்க வராம நாங்க போக முடியாது’ என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டனர். பெரியவர் எழுந்தார். கூரைகள் போயின, படகுகள் உடைந்தன, வலைகள் மண்ணோடு மண்ணாயின. விடிந்ததும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கின்றார்கள். எல்லாப் பெயருக்கும் குரல் வந்தது. “வாத்தியாரய்யா, இழந்ததச் சம்பாதிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவ்வூர் மக்களை நாங்கள் காப்பாற்றினோம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். வானிலைத் துறை முன்னறிவித்தது. அரசு அலுவலர்கள் வந்தனர். ஊரார் ஒருவரையொருவர் தூக்கிச் சென்றனர். மாணவர்கள் செய்தது, இம்மூன்றுக்கும் இடையே அறுந்திருந்த இழையை முடிந்தது மட்டுமே. தாம் இல்லாத இரவிலும் அம்முடிச்சு அவிழவில்லை என்பதே அப்பணியின் வெற்றி. மாணவர்கள் இருந்தால்தான் நடக்கும் என்ற நிலையில் விட்டுவரும் தொண்டு, தொண்டாகாது.

வகுப்புக்கு என்ன திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்றுக்கும் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அகராதியில் மட்டும் படித்திருந்த மாணவர்கள் அவற்றை முகத்தில் உணர்ந்து திரும்பினர். நெய்தல் திணையைப் பாடமாக நடத்தும்போது இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு விளக்கம் கேட்ட மாணவர் எவரும் அவ்வாண்டு இல்லை. செய்தியை எழுதும்போது ‘இதைக் கேட்பவர் யார்?’ என்று தமக்குள் வினவிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வந்தது. அவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்கள். ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றுகின்றார். அவர் வரையும் சுற்றறிக்கைகளில் இடப்பெயர் இல்லாத வாக்கியம் இராது என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. எனக்கு அது நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! இம்மலரைப் படிக்கும் நீங்கள் அனைவரும் கடற்கரையில் வாழ்பவர்கள் அல்லர். ஆயினும் 2015 டிசம்பரில் சென்னையின் நடுவே வெள்ளம் முதல் மாடியைத் தொட்டதை நாம் மறக்கலாகாது. பேரிடருக்குத் திணை வேறுபாடு இல்லை. உங்கள் தெருவில் மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். தாமாக வெளியேற இயலாதவர் யார், அவருக்குத் துணை யார்? அனைவரும் சென்று சேர வேண்டிய கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் உள்ளது? மின்சாரமும் அலைபேசியும் நின்றால் செய்தியை யார், எச்சொற்களால் சொல்வார்? மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகவே இவ்வினாக்களைக் கேட்பதற்கு உரிய திங்கள் செப்டம்பர்.